சர்வருக்கு லீவு கிடையாது

ஆடி 12, வியாழன்

மாமல்லபுரத்தில் உலகத்து ஆட்களெல்லாம் கூடி உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிற வருசம் இது. குதிரைத் தலைக்கு வேட்டி சட்டை மாட்டிக் கும்பிடு போட வைத்து, அந்தப் படத்தை எங்கள் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். கொரோனா போயும் போகாமலும் கிடக்கிறது. இந்த ஆடியில்தான் என் மகள் பாண்டீஸ்வரி, வீட்டில் ஈசு, கம்பெனி தொடங்கியிருக்கிறாள்.

ஆடியில் எவளாவது தொழில் தொடங்குவாளா என்று தெருவில் கேட்டார்கள். "மிஷின்காரன் இப்பத்தான் பாதி வாடகைக்குத் தாரான். ஆவணியில அந்த மீதிய நீங்க குடுப்பீகளா?" என்று கேட்டுவிட்டு மாடியேறிவிட்டாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் மைக் படம் ஒன்று இருக்கிறது, அதை அமுக்கிக்கொண்டு பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று ஈசு காட்டிக் கொடுத்தாள். தேதி, கிழமை அவள் காலண்டர் கிழிக்கும்போது சொல்லுவாள். எதற்கு இந்த வேலை என்றால், போன வாரம் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும்.

"ஏப்பா, ஒரு சர்வரை மாச வாடகைக்கு எடுத்திருக்கேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் முட்டி தேய்கிற வரைக்கும் சர்வராக நின்றவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இவள் வெளியாளை அமர்த்துகிறாளே.

"எந்த ஊர்க்காரன்?"

"மும்பையில இருக்குப்பா."

"இந்திக்காரனா? சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியுமா அவனுக்கு?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் விளக்கினாள். அது மிஷினாம். உலகத்தில் யார் எந்த மூலையிலிருந்து ஒரு கடையின் பக்கத்தைக் கேட்டாலும் அது எடுத்துக் கொண்டுவந்து வைக்குமாம். அதனால் சர்வர். ஒரு மிஷினை இவள் வாடகைக்கு எடுத்து, அதில் இந்த ஊர்க் கடைகளுக்கெல்லாம் இடம் பிரித்துக் கொடுப்பாள். கெட்டுப்போனால், திருடன் நுழைந்தால், படுத்துவிட்டால் எல்லாம் இவளே பார்த்துக்கொள்வாள். அவர்கள் மாசா மாசம் கொடுக்க வேண்டும். "மாசச் சாப்பாட்டு மெஸ் மாதிரி" என்றேன். "அதேதான். ஆனா இந்தச் சர்வருக்கு லீவு கிடையாது" என்றாள்.

"எனக்கு மட்டும் இருந்துச்சாக்கும்."

அந்த மிஷின் அன்றன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் பதிந்து வைக்குமாம். அப்படியென்றால் நானும் பதிந்து வைக்கிறேன். நானும் சர்வர்தானே.

ஆடி 18, புதன்

ஆடிப் பெருக்கு. வைப்பாற்றில் பெருக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, மணல்தான். சேவுக் கடை சண்முகவேல் அண்ணாச்சி முதல் வாடிக்கையாகச் சேர்ந்தார். முன்பணத்தோடு அரைக் கிலோ காராச்சேவும் கொடுத்தார். சேவு இன்றைக்கே தீர்ந்தது.

ஆடி 25, புதன்

போன் எடுக்கிற வேலை எனக்கு. ஈசு சென்னையில் பதினாலு வருசம் இதே மாதிரிக் கம்பெனியில் போனில் பதில் சொல்லியே காது மந்தமாகிப் போனவள். ஆட்களைக் குறைத்தபோது அவளையும் அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை சென்னையிலேயே நின்றுகொண்டார். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

காலையில் கல்யாண மண்டபத்துக்காரர் பேசினார். "ஏங்க, எங்க சைட் டவுனா இருக்கு."

"டவுன்ல சைட் இருந்தா நல்லதுதானுங்களே. இன்னும் ரெண்டு வருசம் வச்சிருந்து வித்தா நல்ல விலை போகும்" என்றேன்.

ஈசு பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள். பக்கம் படுத்துக் கிடப்பதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். நானா கண்டேன். சரிசெய்து முடித்துவிட்டு, "ஏப்பா, இனிமே யாரு என்ன சொன்னாலும், பாத்துட்டுக் கூப்பிடுறோம்னு மட்டும் சொல்லு" என்றாள். நல்ல சொல். ஓட்டலில் தோசை தீர்ந்துபோனாலும் இதையேதான் சொல்லுவோம்.

ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். வெள்ளரி ஏற்றுமதி, லாட்ஜ், டைப்ரைட்டிங் கிளாஸ், இப்படி. மிஷின் வாடகைக்கே சரியாகப் போகிறது. "இருபது பேர் வரணும்ப்பா. அப்பத்தான் மூச்சு விட முடியும்" என்கிறாள். மாடி அறையில் காத்தாடி கிர் கிர் என்று சுற்றுகிறது. அவள் கண்ணெல்லாம் சிவப்பு.

ஆவணி 3, வெள்ளி

இன்றைக்கு ஒரு பையன் வந்தான். பையன் என்றால் முப்பது வயசு இருக்கும். பேர் அபினேஷ். சிவகாசிப் பக்கத்து ஆள். பட்டாசு கிப்ட் பாக்ஸ் வியாபாரம். ஊருக்கு ஒரு பேரில் பன்னிரண்டு பக்கம் வைத்திருக்கிறானாம். போன தீபாவளிக்குக் கூட்டம் ஏறின நேரத்தில் சென்னைக்காரன் கைவிட்டுவிட்டான், பக்கத்திலேயே ஒரு ஆள் இருந்து கண் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான்.

"மேடம், தீபாவளி வரைக்கும் ஒரு நிமிஷம் கூட நிக்கக் கூடாது."

"நிக்காது சார்" என்றாள் ஈசு.

பேசும்போது மேசையை ரெண்டு விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். காது மடல் ஒட்டின காது. நான் காபி டம்ளரை வைக்கும்போதே தெரிந்துவிட்டது. அவன் தாத்தா எங்கள் ஓட்டலில் மூலை மேசையில் உட்கார்ந்து இப்படித்தான் தட்டுவார். கம்பெனிக்குப் புதுப்பேர் மாட்டியிருக்கிறார்கள். ஈசுக்குப் பழைய பேர்தான் தெரியும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் யார் மகன் என்று சர்வர் கேட்பதில்லை. அவன் போன பிறகு ஈசு கதவைச் சாத்திவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குதி குதித்தாள். ஒரே நாளில் இருபதைத் தொட்டாச்சு. அதைப் பார்த்த பிறகு வாயைத் திறக்க எனக்கு எப்படி மனசு வரும்.

ஆவணி 4, சனி

நேற்று அந்தப் பையன் காபிக்குச் சீனி ரொம்பத் தூக்கலாகப் போட்டுவிட்டேன். இப்படி நான் தப்புப் பண்ணுவதில்லை.

ஆவணி 15, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. குருவம்மா தூக்குச்சட்டியில் கொழுக்கட்டை கொண்டுவந்தாள். ஊத்துப்பட்டிக்காரி, நூறு நாள் வேலைக்குப் போகிறவள், நெஞ்சு நிமிர்ந்துதான் நடப்பாள். இடது கையில் முழங்கை வரைக்கும் தோல் சுருண்டிருக்கும், அதை மறைக்க மாட்டாள்.

"அண்ணே, உங்க மக ஏதோ கம்பெனி வச்சிருக்காளாமே. போன்ல தட்டினா வருமாமே. எங்களுக்கு ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

"உனக்கு என்னத்துக்கு குருவு? கொழுக்கட்டை விக்கப் போறியா?"

"இந்த நக்கல்தான வேண்டாம்ங்கிறது" என்று சொல்லிவிட்டு ஈசு பக்கம் திரும்பினாள். "ஏத்தா, அந்தப் பட்டாசு ஆலைப் பெரியவருக்குப் பள்ளிக்கூடத்து வாசல்ல சிலை வைக்கப் போறாகளாம். ஆலைப் பேரைப் போன்ல தட்டிப் பாருன்னு என் மருமகட்டச் சொன்னேன். மாலை போட்டது, விருது வாங்குனதுன்னு அவரு படமா வருது. நம்ம ஆளுகள எங்கயும் காணோம். செத்ததுமில்ல, பொறந்ததுமில்ல."

அதை நான் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். சுனாமி வந்ததற்கு மறு ஆனி மாசம். அந்தப் பட்டாசு ஆலையில் வேலை நடக்கிற கொட்டகை ஒன்று, செட்டு என்பார்கள், தீப்பிடித்துக்கொண்டது. ஆலையின் பேரை நான் சொல்ல மாட்டேன், என் வாய்க்கு அது ஆகாது. செத்தவர்களில் பாதிப் பேரைத்தான் கணக்கில் காட்டினார்கள். ஆறு பெண்கள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, லீவு என்று எழுதிவிட்டார்கள். லீவில் இருந்தவர்கள் எப்படி ஆலைக்குள் சாவார்கள்? அதனால் அவர்கள் சாகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அந்தச் செட்டிலிருந்து தப்பித்து வந்து, ஆறு பேரும் உள்ளே இருந்தார்கள், கண்ணால் பார்த்தோம் என்று இன்று வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது ரெண்டே பேர். ஒன்று குருவம்மா. இன்னொன்று அவள் ஊரிலேயே படுக்கையில் கிடக்கிற அன்னக்காமு மதினி.

ஆறு பேரில் ஈசுவோட அம்மா பேர் நாலாவது. பேச்சியம்மாள்.

ஈசு கொழுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "போடுறேன் அத்தை. உங்ககிட்ட நான் காசு வாங்க மாட்டேன்."

"வாங்கணும்" என்றாள் குருவம்மா. "ஓசியில போட்டா ஓசியில எடுத்துருவாக. ஆறு வீட்டு ஆளுகளும் சேந்து மாசா மாசம் குடுக்குறோம். நாங்க வாடிக்கைக்காரங்க. யாரு என்ன சொன்னாலும் எங்க இடம் எங்களுக்கு."

அவள் போகும்போது ஈசு ரசீது கொடுத்தாள். குருவம்மா அதை வெற்றிலைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

ஆவணி 20, திங்கள்

பக்கம் ஏறிவிட்டது. ஈசு சத்தம் போட்டு வாசித்தாள். மேலே, 'இவர்கள் லீவில் இல்லை' என்று தலைப்பு. அப்புறம் பேர்கள், ஊர், வயசு, என்ன வேலை பார்த்தார்கள் என்று. மூன்று பேர் வரைக்கும் கேட்டேன். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருந்தது, போய்ப் பார்த்தேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

திரும்பி வரும்போது கடைசி வரியில் இருந்தாள். 'நேரில் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள்: குருவம்மா, அன்னக்காமு.'

நல்ல வரி என்றேன்.

புரட்டாசி 4, புதன்

அபினேஷ் வந்தான். இந்தத் தடவை காபி வேண்டாம் என்றான்.

"மேடம், எங்க பழைய கம்பெனி பேரைத் தேடினா ஒரு பக்கம் முதல்ல வருது. தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கு. டீலருங்க போன் போட்டுக் கேக்குறாங்க. அது யாரு மிஷின்ல இருக்குன்னு பாத்தா, உங்க மிஷின்ல."

ஈசு நிமிர்ந்தாள். "உங்க பழைய கம்பெனியா?"

"தாத்தா காலத்துது. இப்ப எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சம்பந்தமில்லன்னா விடுங்களேன்."

"பேரு இருக்கே. யாரோ பழைய ஆளுங்க, என்னத்தையோ சொல்றாங்க. எடுத்துருங்க. முழுசா வேண்டாம்னா அந்தக் கடைசி வரியையாவது எடுங்க. உயிரோட இருக்காங்க, பாத்தாங்கன்னு, அதெல்லாம் எதுக்கு? நான் பன்னிரண்டு கொண்டுவந்தேன். இன்னும் அசோசியேஷன்ல சொல்லி முப்பது கொண்டுவரேன். அவங்க ஒண்ணு. நீங்களே கணக்குப் போடுங்க."

ஈசு முகம் வெளுத்திருந்தது. நான்தான் பேசினேன்.

"தம்பி, நான் சர்வரா இருந்தவன். எங்க தொழில்ல ஒண்ணு உண்டு. இலையில உக்காந்தவனை எழுப்ப மாட்டோம். பின்னாடி எவ்வளவு பெரிய ஆளு வந்து நின்னாலும், முன்னாடி உக்காந்தவன் சாப்பிட்டு அவனா எந்திரிக்கணும்."

"தாத்தா, இது ஓட்டல் இல்ல."

"இல்லதான். ஓட்டலா இருந்து உங்க தாத்தா சொல்லியிருந்தா எங்க முதலாளி எழுப்பியிருப்பாரு. ஒரு நாளு எழுப்பவும் செஞ்சாரு. இங்க முதலாளி என் மக."

மேசையைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "உங்களுக்கு எங்க தாத்தாவைத் தெரியுமா?"

"ரசத்துக்கு மேல மோர் கேப்பாரு. நல்லாத் தெரியும்."

ரெண்டு நாள் டயம் என்றான். எழுந்து போனான். படியில் இறங்கும்போது செருப்புச் சத்தம் பெரிசாகக் கேட்டது.

புரட்டாசி 5, வியாழன்

காலையிலிருந்து ஈசு என்னோடு பேசவில்லை. இட்லியைத் தட்டில் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. பத்து மணிக்கு வெடித்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே அவனுக்குக் காபி குடுத்தியா?"

"குடுத்தேன். சீனி தூக்கலா."

"விளையாடாதப்பா. அவன் காசுல நான் ஒரு மாசமா மிஷின் வாடகை கட்டியிருக்கேன். அம்மாவை லீவுன்னு எழுதினவன் காசு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ குதிச்சியே" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் திரும்பாமலே பேசினாள். குரல் இறங்கியிருந்தது. "அவன் போனா பாதிக்கு மேல போச்சு. மத்தவங்களையும் கலைச்சு விடுவான். கம்பெனியே நிக்காது. அப்புறம் குருவு அத்தை பக்கத்தை எங்க வைப்பேன்? அதான் யோசிக்கிறேன். தீபாவளி வரைக்கும். ஒரே மாசம். எடுத்து உள்ள பத்திரமா வச்சிருந்து, கார்த்திகையில திரும்பப் போட்டுருவோம். ஒரு மாசம் லீவு மாதிரி..."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து விழுந்ததும் நின்றுவிட்டாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள். காத்தாடி கிர் கிர் என்றது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அபினேஷுக்கு எழுதினாள். எழுதியதை எனக்கு வாசித்தாள். 'பக்கம் எடுக்கப்படாது. ஒரு வரியும் எடுக்கப்படாது. உங்கள் பன்னிரண்டையும் கொண்டுபோகத் தேவையான எல்லா உதவியும் செய்து தருவேன். மீதி நாட்களுக்கான பணம் இன்றே திருப்பி அனுப்பப்படும்.'

"இன்னைக்கே குடுக்கணுமா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கே" என்றாள்.

புரட்டாசி 8, ஞாயிறு

மகாளய அமாவாசை. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, எள்ளும் தண்ணியும் விட்டேன். ஐயர் பேர் கேட்டார். பேச்சியம்மாள் என்றேன். இறந்த திதி கேட்டார். ஆனி என்று சொன்னேன். எந்தக் கடுதாசியிலும் இல்லை, ஆனாலும் ஆனிதான்.

வீட்டுக்கு வந்தால் ஈசு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டும் போய்விட்டது, அது தெரிந்ததுதான். இப்போது மிஷின்காரனுக்குப் புகார் போட்டிருக்கிறான். பொய்யும் அவதூறும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று வக்கீல் வைத்துப் பெரிய இங்கிலீசுக் கடிதம். மிஷின்காரன் விசாரிக்கவில்லை, கேட்கவில்லை. நாளை சாயங்காலத்துக்குள் பக்கத்தை எடு, இல்லையென்றால் மிஷினையே அணைப்பேன் என்று எழுதியிருக்கிறான்.

"அணைச்சா?"

"எல்லாரும் அவுட். சேவுக் கடை, லாட்ஜ், எல்லாரும்."

ஒரு இலைக்காகப் பந்தியையே மூடுகிறானாம்.

"வேற மிஷின் இல்லையா உலகத்துல?" என்றேன். கோபத்தில்தான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். "இருக்கு. ஆனா ஒரு பகல்ல எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகணும். ஒத்தை ஆளா நான் செஞ்சதில்ல."

"நான் இருக்கேன்ல."

"நீ என்னப்பா செய்வ?"

"பாத்துட்டுக் கூப்பிடுறோம்னு சொல்லுவேன்."

புரட்டாசி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து வேலை. பெங்களூரில் ஒரு மிஷின் எடுத்தாள். வாடகை கூட. தள்ளுபடியெல்லாம் கிடையாது. அந்த மிஷின்காரனிடம் முதலிலேயே பக்கத்தைக் காட்டி, இதுவும் வரும், புகாரும் வரும், சம்மதமா என்று கேட்டிருக்கிறாள். கோர்ட்டு சொன்னால் எடுப்போம், வக்கீல் சொன்னால் எடுக்க மாட்டோம் என்றானாம். எழுத்தில் கேட்டாள், கொடுத்தான்.

ஒவ்வொரு கடையாகத் தூக்கி அங்கே இறக்கினாள். இறக்கினால் மட்டும் போதாது. இந்தக் கடை இனிமேல் இந்த இடத்தில் என்று உலகத்துக்கு முகவரியையும் மாற்றிச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் பக்கம் வந்தும் போயும் இருக்கும். வாடிக்கைக்காரர்களுக்கு அதைச் சொல்வது என் வேலை. மறைக்காமல் சொல்லச் சொன்னாள். எதனால் மாற்றுகிறோம் என்பதையும்.

சேவுக் கடை அண்ணாச்சி கேட்டுவிட்டு, "ஒரு மணி நேரம் வராதா? வராட்டிப் போகுது. சேவு எந்திரிச்சு ஓடவா போகுது?" என்றார். அப்புறம் மெதுவாக, "பேச்சியக்கா கடன் சொல்லிச் சேவு வாங்கினதே இல்ல அண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கல்யாண மண்டபத்துக்காரர் மாட்டேன் என்றுவிட்டார். "எனக்கு வம்பு வேண்டாம்ங்க. அவுக வீட்டுக் கல்யாணமெல்லாம் எங்க மண்டபத்துலதான்." சரி, உங்க சாமானைப் பத்திரமாக் கட்டிக் குடுக்குறோம் என்றேன். அவரிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது. பயந்தவன் பாவம்.

மூன்று மணிக்கு எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. கடைசியாகக் குருவம்மாவின் பக்கம். நாலு மணிக்கு மும்பைக்காரனுக்கு ஈசுவே எழுதினாள், உன் மிஷின் காலி, நீ அணைத்துக்கொள் என்று. அப்புறம்தான் ரெண்டு பேரும் சோறு தின்றோம். பழைய குழம்பு. அப்படி ருசி.

புரட்டாசி 17, செவ்வாய்

ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம். எனக்கும் நெற்றியில் ஒன்று வைத்தாள். பழைய சர்வராம்.

ஸ்கூட்டியை விற்றுவிட்டாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்கிறாள்.

ஒரு வேடிக்கை. அபினேஷ் ஊரெல்லாம் போய், அந்தப் பொம்பளையிடம் போகாதீர்கள், எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டாள் என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுவிட்டு விருதுநகரிலிருந்து ஒரு நர்சரிக்காரர் தேடி வந்தார். "என் பங்காளி என் பக்கத்தை ஆள் வச்சு ரெண்டு தடவை தூக்கிட்டான்ங்க. நீங்க எடுக்க மாட்டீங்களாமே?" ஈசு சிரிக்காமல், "மாட்டோம்" என்றாள். அடுத்த நாள் அவர் சொல்லி இன்னும் ரெண்டு பேர் வந்தார்கள். காசில்லாமல் விளம்பரம் செய்கிறான் புண்ணியவான்.

ஐப்பசி 2, புதன்

குருவம்மா போய்விட்டாள். கண்மாய்க் கரையில் மண் வெட்டிக்கொண்டிருந்தவள், தண்ணி குடிக்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்கவில்லை. அன்னக்காமு மதினிதான் இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கல்லு மாதிரி இருந்தவள் போனாள்.

பாடை தூக்குகிற வரைக்கும் ஈசு நின்றாள். வெற்றிலைப் பையிலிருந்த ரசீதை மருமகள் எடுத்துக் கொடுத்தாள். இந்த மாசக் காசும் அதில் மடித்து வைத்திருந்தது.

ஐப்பசி 6, ஞாயிறு

அபினேஷ் போன் போட்டான். நான்தான் எடுத்தேன்.

"தாத்தா, கேள்விப்பட்டேன். வருத்தம்தான். ஒண்ணு சொல்லணும். உங்க பக்கத்துல கடைசி வரி இப்பத் தப்பு. தப்பான விஷயத்தை வச்சிருக்கக் கூடாதுல்ல? இன்னொரு அம்மாவும் ரொம்ப முடியாம இருக்காங்கன்னாங்க. அதனால சொல்றேன், எப்படியும் கொஞ்ச நாள்ல அந்த வரி தேவைப்படாது. இப்பவே எடுத்துட்டா மரியாதையா முடிஞ்சுரும். நானும் எல்லாத்தையும் திரும்பக் கொண்டுவரேன்."

கத்தவில்லை, மிரட்டவில்லை. பதமாகத்தான் பேசினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பாத்துட்டுக் கூப்பிடுறோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐப்பசி 7, திங்கள்

தீபாவளி. ஊரெல்லாம் வெடி. நாங்கள் வெடிப்பதில்லை, எத்தனையோ வருசமாச்சு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ரெண்டு பேரும் பஸ் ஏறி ஊத்துப்பட்டி போனோம். 

ஓட்டு வீடு, ஒரு கயிற்றுக் கட்டில். மதினி சுருண்டு கிடந்தாள். காது கேட்காது. குனிந்து கத்தினேன். "மதினி, எப்படி இருக்கீக?"

"இருக்கேன்ல" என்றாள். "அதான எரியுது அவனுகளுக்கு. நேத்து ஒருத்தன் வந்தான், காரு போட்டுக்கிட்டு. பழமெல்லாம் வாங்கியாந்தான். பாட்டி, நீங்க அன்னைக்குச் செட்டுக்குள்ளயா இருந்தீக, வெளியிலயா இருந்தீகன்னு கேக்குறான். ஞாபகமில்லன்னு சொன்னாப் போதுமாம்."

ஈசு என் கையைப் பிடித்தாள்.

"என்ன சொன்னீக?"

"காது கேக்கலன்னேன். மூணு தடவை கத்தினான். மூணு தடவையும் கேக்கலன்னேன். தொண்டை கட்டிப் போயிட்டான்." சிரித்தாள். வாயில் ஒரு பல்கூட இல்லை. பழத்தை எல்லாம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டாளாம்.

"குருவு போயிட்டா மதினி."

"சொன்னாக. என்னைய விட எளசு. எப்பவும் அவசரக்காரி." அப்புறம் ஈசுவை உற்றுப் பார்த்து, தாடையைத் தொட்டாள். "உங்காத்தா எனக்கு இடது கைப் பக்கம் உக்காந்திருந்தா. திரி வச்சுக்கிட்டிருந்தா. அன்னைக்கு வெங்காயச் சட்னி கொண்டாந்திருந்தா, எனக்கு ரெண்டு கரண்டி வச்சா. லீவாம்ல லீவு. எழுதிக்கோ."

ஈசு போனை நீட்டினாள். மதினி சொன்னதை முழுசும் பிடித்தாள். மற்ற அஞ்சு பேரும் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று மதினி விரலால் பாயில் காட்டினாள். அதையும் பிடித்தாள். நான் இந்தத் தடவை பால் பார்க்கப் போகவில்லை. அங்கேயே நின்று கேட்டேன்.

"என் படத்தையும் போடு" என்றாள் மதினி. "சாகக் கிடக்கான்னு சொல்லுதானுகள்ல. கண்ணு முழிச்சுக்கிட்டு இருக்குற மாதிரிப் போடு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஈசு ஏற்றிவிட்டாள், படம், பேச்சு எல்லாம். கடைசி வரியைத் திருத்தினாள். சரியா என்று வாசித்துக் காட்டினாள். அபினேஷுக்கும் போன் போட்டுக் கொடுத்தாள். பார்த்துவிட்டோம் தம்பி, தப்பு இருந்தது உண்மைதான், திருத்திவிட்டோம் என்று சொன்னேன். அந்த வரியைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வைத்துவிட்டான். அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நேரில் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்: ஊத்துப்பட்டி அன்னக்காமு.